டம்ளருக்குள்ள ரெண்டு சீட்டு

ராத்திரி 11 மணிக்கு மேல இருக்கும். வீட்டுல எல்லாரும் தூங்கியாச்சு. நான் மட்டும் மேசைல உக்காந்து ஒரு பழைய நோட்டுலேர்ந்து பேப்பரக் கிழிச்சு, ஒரு துண்டுல ‘போ’ன்னும் இன்னொண்ணுல ‘போகாதே’ன்னும் எழுதி, ரெண்டையும் ஒரே அளவுல நாலா மடிச்சு (மடிப்ப வச்சு கண்டுபிடிச்சிடக்கூடாதுல்ல) ஒரு எவர்சில்வர் டம்ளர்ல போட்டு குலுக்கிட்டு இருந்தேன். ஆண்டவரே, இதுக்கு மேல உங்கள தொந்தரவு பண்ண மாட்டேன், இதுதான் கடைசின்னு ஒரு ஜெபம் வேற. கண்ண மூடி எடுத்தேன். ‘போகாதே’.

கொஞ்ச நேரம் அந்த பேப்பரையே பாத்தேன். அப்புறம் சரியா குலுக்கலையோன்னு ஒரு சந்தேகம் வந்துச்சு. திரும்ப மடிச்சு திரும்ப குலுக்கி எடுத்தேன். ‘போ’. இப்ப ஒண்ணுக்கு ஒண்ணு ஆயிடுச்சு, மூணாவது தரம் எடுக்காம எப்படி முடிவு பண்றது, அதுக்காக கைய உள்ள விட்டப்போ தண்ணி குடிக்க எழுந்து வந்த என் வீட்டுக்காரர் பின்னாடி நின்னுட்டு இருந்தாரு. அவருக்கு வேண்டியது அந்த டம்ளர்தான்.

“இதுக்குள்ள என்ன பேப்பரு?”

சொன்னேன். சிரிப்பாருன்னு நெனச்சேன், சிரிக்கல. “மூணுக்கு ரெண்டா?”ன்னு மட்டும் கேட்டாரு. அப்புறம் நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காந்து, “சரி, அவரு ஒண்ணுமே சொல்லலேன்னு வச்சுக்கோ. அப்ப என்ன பண்ணுவ?”ன்னாரு.

எனக்கு பதில் தெரியல. தெரியலங்கறதவிட, அந்தக் கேள்வியே எனக்கு அதுவரைக்கும் தோணலங்கறதுதான் உண்மை.

விஷயம் இதுதான். 11 வருஷமா பாத்த வேலைய விட்டுட்டு வேற ஊர்ல ஒரு புது கம்பெனில சேரணுமா வேணாமான்னு முடிவு பண்ணணும். அவங்க வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் குடுத்திருந்தாங்க. பொண்ணு மூணாங்கிளாஸ். அம்மா தனியா இருக்காங்க. இவருக்கு எங்க இருந்தும் வேலை பாக்கலாம்ங்கற மாதிரி உத்தியோகம், அதனால எல்லாம் என் தலையில வந்து நின்னுச்சு. நான் சின்ன வயசுலேர்ந்து சபைல வளந்தவ. எதுக்கெடுத்தாலும் “தேவ சித்தம் என்னன்னு பாரு”ன்னு, அதாவது கடவுள் என்ன விரும்புறாருன்னு பாருன்னு, கேட்டே வளந்தவ. அதனால மூணு வாரமா தேவ சித்தத்த தேடிட்டு இருந்தேன், தேடின விதத்த இப்ப நெனச்சா எனக்கே வெக்கமா இருக்கு.

முதல்ல பைபிள கண்ண மூடி திறந்து விரல வைக்கிறது. நம்மள்ல நெறைய பேரு பண்ணியிருப்போம், யாரும் வெளிய சொல்றதில்ல. என் விரல் போய் நின்ன இடம் லேவியராகமம் 14. வீட்டுச் சுவர்ல பச்சையும் சிவப்புமா குழி குழியா தோஷம் வந்தா ஆசாரியன கூப்பிட்டு காட்டணும், கல்ல பேத்து ஊருக்கு வெளிய போடணும்னு இருக்குமே, அந்த அதிகாரம். நான் விடலயே. வீடுன்னு வந்திருக்கே, அப்ப இந்த வீட்ட விட்டு கெளம்பச் சொல்றாரோன்னு ஒரு 10 நிமிஷம் யோசிச்சேன், சத்தியமா.

அப்புறம் தீர்க்கதரிசனம். தெரிஞ்ச ஒரு ஊழியக்காரர் ஜெபிச்சுட்டு “கர்த்தர் உன்ன உயர்ந்த ஸ்தலங்கள்ல நடக்கப்பண்ணப் போறாரும்மா”ன்னாரு. சரி, போகச் சொல்றாருன்னு சந்தோஷப்பட்டேன். ரெண்டு நாள் கழிச்சு இன்னொருத்தர், அவருக்கு இவரத் தெரியாது, “இருக்கிற இடத்துலயே உன்ன பெருகப்பண்ணுவார்”ன்னாரு. ரெண்டு பேருமே நல்லவங்க, ரெண்டு பேரும் பொய் சொல்லல. ஆனா ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தா, எந்த முடிவு எடுத்தாலும் பொருந்துற மாதிரியும் இருக்கு, எதுக்குமே பொருந்தாத மாதிரியும் இருக்கு. இப்ப யோசிச்சா, அவங்க சொன்னது வாழ்த்து, நான்தான் அத ரூட் மேப்பா மாத்திக்கிட்டேன்.

அதுக்கு மேல வாக்குத்தத்த காலண்டர். மொபைல்ல தினமும் வர்ற வசனம். ஞாயித்துக்கிழமை பிரசங்கத்துல பாஸ்டர் தற்செயலா “புறப்படு”ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா போதும், எனக்குத்தான் சொல்றாருன்னு முதுகு நிமிந்திடும். அவரு, சொந்த ஊர விட்டுப் புறப்படுன்னு கடவுள் சொன்ன ஆபிரகாமப் பத்தி பேசிட்டு இருப்பாரு.

அந்த டம்ளர் ராத்திரிக்கு அப்புறம்தான் நான் உருப்படியா ஒரு காரியம் செஞ்சேன். வசனத்த தேடுறத நிறுத்திட்டு, அதே வசனங்கள முன்னாடி பின்னாடி சேத்துப் படிச்சேன். அதுல கெடச்சதெல்லாம் எனக்கு பெரிய அதிர்ச்சி.

சங்கீதம் 32:8 எங்க வீட்டு சுவர்லயே மாட்டியிருக்கு. “நான் உனக்குப் போதித்து, நீ நடக்கவேண்டிய வழியை உனக்குக் காட்டுவேன்.” எத்தன வருஷமா பாத்திருப்பேன். அடுத்த வசனத்த யாரும் ஃப்ரேம் போட்டு மாட்டுறதில்ல. வாரும் கடிவாளமும் போட்டு வாயக் கட்டினாத்தான் கிட்ட வரும், அந்த மாதிரி புத்தியில்லாத குதிரையப் போலவும் கோவேறு கழுதையப் போலவும் இருக்க வேண்டாம்னு சொல்லுது. வழி காட்டுவேன்னு சொன்ன கையோட, இழுத்துட்டுப் போற மாதிரி மட்டும் கேக்காதேன்னு சொல்றாரு. நான் மூணு வாரமா கேட்டது அந்தக் கடிவாளத்தத்தான். இந்தப் பக்கம் இழு, இல்ல அந்தப் பக்கம் இழு, நான் யோசிக்க மாட்டேன்னு.

கிதியோன் கதையும் அப்படித்தான். அடையாளம் கேக்கிறவங்க எல்லாரும் கிதியோனத்தான் சாட்சிக்கு கூப்பிடுவோம். மயிருள்ள தோல களத்துல போட்டு, ஒரு நாள் தோல் மட்டும் நனையணும் தரை காஞ்சிருக்கணும், மறுநாள் தோல் காஞ்சிருக்கணும் தரை நனையணும்னு கேட்டாரே. நியாயாதிபதிகள் 6 முழுசா படிச்சா, என்ன செய்யணும்னு அவருக்கு அதுக்கு முன்னாடியே சொல்லியாச்சு. “நீர் சொன்னபடி” இஸ்ரவேல ரட்சிக்கப் போறது உண்மைதானான்னுதான் அவரே கேக்கிறாரு. அதாவது அவரு தோல் போட்டது தெரியாததக் கண்டுபிடிக்க இல்ல, தெரிஞ்சத செய்ய பயந்ததால. கேக்கும்போதே கோபப்படாதீங்கன்னு வேற கெஞ்சுறாரு. கடவுள் கோவிச்சுக்கல, இறங்கி வந்தாரு, அது அவரோட பெரிய மனசு. ஆனா அத ஒரு முறையா எடுத்துக்கிட்டு நான் கம்பெனிக்காரங்க 6 மணிக்குள்ள போன் பண்ணா போறேன்னு வேண்டிக்கிறது வேற கத.

இன்னொரு அடையாளம் இருக்கு, எனக்கு இப்பவும் ரொம்பப் பிடிச்சது. ஆதியாகமம் 24. ஆபிரகாமோட ஊழியக்காரன் ஈசாக்குக்கு பொண்ணு பாக்க 10 ஒட்டகத்தோட போறாரு. குடிக்கத் தண்ணி கேட்டா, உன் ஒட்டகங்களுக்கும் வார்க்கிறேன்னு எந்தப் பொண்ணு சொல்லுதோ அதுதான்னு வேண்டிக்கிறாரு. மேலோட்டமா பாத்தா சீட்டு குலுக்குற மாதிரிதான் இருக்கும். ஆனா நல்லா தாகமா இருக்கிற ஒட்டகம் ஒரே மூச்சுல 100 லிட்டர் வரைக்கும் குடிக்கும், பாலைவனம் தாண்டி வந்த 10 ஒட்டகத்துக்கு அந்தப் பொண்ணு குடத்துல மொண்டு மொண்டு ஊத்தணும்னா எத்தன தடவ கிணத்துக்கு ஓடணும்? அறிமுகமே இல்லாத ஒரு வழிப்போக்கனுக்காக கேக்காமலே அத செய்ற மனசு யாருக்கு இருக்கும்? அவரு கேட்டது வானத்துல ஒரு மின்னல் இல்ல. வரப்போற பொண்ணு எப்படிப்பட்டவளா இருக்கணும்னு யோசிச்சு, அது தெரியுற மாதிரி ஒரு அடையாளத்தக் கேட்டாரு. யோசிக்கிறதும் ஜெபிக்கிறதும் அங்க ஒரே வேலையா நடக்குது. இவ்ளோ நடந்த பிறகும் ரெபெக்காள கூப்பிட்டு “நீ இந்த மனிதனோடேகூடப் போகிறாயா?”ன்னு கேக்கிறாங்க. அவ போறேன்னு சொல்றா. கடவுளே அடையாளம் காட்டியாச்சு, உன்ன எதுக்கு கேக்கணும்னு யாரும் சொல்லல.

சரி, சீட்டுக்கே வருவோம். சீட்டு பைபிள்லயே இருக்குன்னு சொல்லுவாங்க, இருக்குதான். இயேசுவக் காட்டிக்குடுத்த யூதாசோட இடத்துக்கு மத்தியாவ எடுத்தது சீட்டு போட்டுத்தான், அப்போஸ்தலர் 1. ஆனா அடுத்த அதிகாரத்துல பரிசுத்த ஆவி இறங்கினதுக்கு அப்புறம் புதிய ஏற்பாட்டுல எந்த முடிவுக்கும் யாரும் சீட்டு போட்டதா இல்ல. 15வது அதிகாரத்துல பெரிய சண்டையா வந்த ஒரு விஷயத்துல உக்காந்து பேசி, வாக்குவாதம் பண்ணி, கடைசில கடிதம் எழுதுறாங்க, “பரிசுத்த ஆவிக்கும் எங்களுக்கும் நலமாகக் கண்டது”ன்னு. எங்களுக்கும்! அந்த ‘உம்’ எனக்கு ரொம்ப நேரம் தூக்கம் வரவிடல.

ஜான் வெஸ்லி கதை இதுல சேத்தி. மெதடிஸ்ட் இயக்கத்த ஆரம்பிச்ச அதே வெஸ்லி, ஆனா இது அதுக்கு முன்னாடி. 1737, அவருக்கு 33 வயசு, அமெரிக்காவுல சவானாங்கற ஊர்ல போதகரா இருக்காரு. சோபியா ஹாப்கின்னு ஒரு பொண்ணு மேல பிரியம். கல்யாணம் பண்ணணுமா கூடாதான்னு முடிவு பண்ண முடியாம தவிச்சு, கடைசில ஒரு நண்பரோட சேந்து மூணு சீட்டு எழுதினாங்க. கல்யாணம் பண்ணு, இந்த வருஷம் யோசிக்காதே, இனிமே இதப் பத்தி யோசிக்கவே யோசிக்காதே. வந்தது மூணாவது. அவரு அத கடவுளோட பதிலா ஏத்துக்கிட்டாரு. சில நாள்லயே அந்தப் பொண்ணு வேற ஒருத்தர கல்யாணம் பண்ணிக்கிச்சு. அத்தோட விட்டாரான்னா இல்ல, சில மாசம் கழிச்சு அதே பொண்ணுக்கு திருவிருந்து குடுக்க மறுத்தாரு, அது வழக்காகி, வருஷ முடிவுல அந்த ஊர விட்டே கெளம்ப வேண்டியதாப் போச்சு. சீட்டு வாய மூடிச்சு, மனச மூடல. வெஸ்லி மேல எனக்கு மரியாதை குறையல, உண்மையச் சொல்லணும்னா இதப் படிச்சதும் அவரு எனக்கு சொந்தக்காரர் மாதிரி ஆயிட்டாரு.

இன்னொண்ணு, இந்த ‘கதவு’. “கர்த்தர் கதவத் திறந்தா யாரும் அடைக்க முடியாது”ங்கிறது எங்க வட்டாரத்துல ரொம்ப சாதாரணமான பேச்சு. விசா கெடச்சா கதவு திறந்துச்சு, கெடைக்கலன்னா அடைச்சுட்டாரு. எனக்கும் அப்படித்தான் ஓடிட்டு இருந்துச்சு, கேக்காமலே வந்த ஆஃபர், அப்ப திறந்த கதவுதானேன்னு. ஆனா நினிவேக்குப் போன்னு கடவுள் சொன்ன யோனாவுக்கு யோப்பா துறைமுகத்துல தர்ஷீஸ் போற கப்பல் தயாரா நின்னுச்சு, கைல கூலி குடுக்க காசும் இருந்துச்சு. அதவிட சுத்தமா திறந்த கதவு வேணுமா? எதிர்த்திசைல. பவுல் விஷயத்துல தலைகீழ். 2 கொரிந்தியர் 2ல அவரே எழுதுறாரு, துரோவாவுல கர்த்தராலேயே கதவு திறந்திருந்துச்சு, ஆனா கூட ஊழியம் செஞ்ச தீத்துவக் காணாததால மனசுக்கு அமைதி இல்ல, அதனால விடைவாங்கிட்டு கெளம்பிட்டேன்னு. திறந்த கதவு, கர்த்தர் திறந்தது, ஆனாலும் போகல! அதுக்காக யாரும் அவரத் திட்டினதா தெரியல. அதே மனுஷன் தரிசனம் பாத்து மக்கெதோனியாவுக்குப் போனப்போ பிலிப்பியில அடி வாங்கி ஜெயில்ல தொழுமரத்துல கால மாட்டிக்கிட்டாரு. அப்ப தரிசனம் தப்பா? நல்லா நடந்தா தேவ சித்தம், கெட்டுப்போனா நம்ம தப்புங்கிற கணக்கு அங்கயே உடைஞ்சிடுது.

இதெல்லாம் நான் இப்ப கோர்வையா எழுதுறேன், அப்ப அப்படி வரல. ஒரு வாரம் துண்டு துண்டா, ராத்திரி ராத்திரியா படிச்சேன். தேவனுடைய சித்தம் இதுதான்னு நேரடியா சொல்ற இடமெல்லாம் எதுன்னு தேடினேன். 1 தெசலோனிக்கேயர்லயே ரெண்டு இருக்கு, பரிசுத்தமா இருக்கிறது ஒண்ணு, எல்லாத்துலயும் ஸ்தோத்திரம் பண்றது இன்னொண்ணு. எந்த கம்பெனி, எந்த ஊருன்னு இல்ல. கல்யாணத்தப் பத்தி பவுல் ஒரு விதவைக்கு சொல்றப்போ கூட, கர்த்தருக்குட்பட்டவனா இருக்கணும், அதுக்கு மேல அவ மனசுக்குப் பிடிச்ச யாரையும் பண்ணிக்க விடுதலை இருக்குன்னுதான் சொல்றாரு. ரோமர் 12:2ல தேவனுடைய சித்தம் இன்னதென்று “பகுத்தறியத்தக்கதாக”ன்னு ஒரு வார்த்தை. பகுத்தறிவுன்னாலே நம்ம ஆளுங்களுக்கு ஒரு மாதிரி இருக்கும், அது கடவுள் இல்லன்னு சொல்றவங்க சொத்துன்னு நெனச்சுக்கிட்டு இருக்கோம், பாத்தா நம்ம பைபிள்லயே தேவ சித்தத்துக்குப் பக்கத்துல உக்காந்திருக்கு.

இதையெல்லாம் இவர்கிட்ட சொன்னப்போ இவரு இயேசு சபைய ஆரம்பிச்ச புனிதர் இக்னேஷியஸ் லயோலாவ இழுத்துட்டு வந்தாரு (இவரு கத்தோலிக்கப் பள்ளில படிச்சவரு, சான்ஸ் கெடச்சா விட மாட்டாரு). 1521ல பாம்ப்லோனா சண்டைல பீரங்கிக் குண்டு பட்டு கால் நொறுங்கி மாசக்கணக்கா படுக்கைல கெடந்தப்போ, எந்த நெனப்பு வந்துட்டுப் போனா மனசு வறண்டு போகுது, எது போன பிறகும் சந்தோஷம் தங்குதுன்னு கவனிக்க ஆரம்பிச்சவரு. பின்னாடி அவரு எழுதி வச்ச பயிற்சில, மனசு இருண்டு கெடக்கும்போது ஏற்கெனவே எடுத்த முடிவ மாத்தாதேன்னு இருக்கு. இதே குழப்பத்தோட முன்பின் தெரியாத ஒருத்தர் உன்கிட்ட வந்தா என்ன சொல்லுவேன்னு யோசிச்சுப் பாருன்னும் இருக்கு. ஒவ்வொண்ணுலயும் லாபம் என்ன நஷ்டம் என்னன்னு எழுதிப் பாக்கவும் சொல்றாரு. 500 வருஷத்துக்கு முன்னாடி ஒரு புனிதர் கோடு போட்டு ரெண்டு பக்கமும் எழுதிப் பாக்கச் சொல்லியிருக்காரு, நான் டம்ளர குலுக்கிட்டு இருக்கேன்.

எழுதினோம். மேசைல ரெண்டு பேரும் உக்காந்து எழுதினோம். எழுத எழுதத்தான் தெரிஞ்சது, எனக்கு எது நல்லதுன்னு ஓரளவு தெளிவாவே இருந்துச்சு. பழைய வேலைல நான் வளரல, தினமும் சாயங்காலம் எரிஞ்சு விழுந்துட்டுத்தான் வீட்டுக்கு வருவேன், பொண்ணு என் முகத்தப் பாத்துட்டுத்தான் பக்கத்துலயே வரும். அம்மா ஒருத்திதான் உறுத்தல். அம்மாகிட்ட கேக்காமலே அம்மாவுக்காக மூணு வாரம் ஜெபிச்சிருக்கேன். போன் பண்ணேன். “என்னைய ஏன்டி காரணம் காட்டுற? நான் நல்லாத்தான் இருக்கேன். போறதுன்னா போ, பயமா இருக்குன்னா பயமா இருக்குன்னு சொல்லு”ன்னுட்டாங்க.

பயம்தான். தப்பாப் போச்சுன்னா என்ன பண்றதுங்கிற பயம். கடவுள் சொன்னாருன்னு ஒரு முத்திர இருந்துட்டா, நாளைக்கு ஏதாவது ஆனா யாரும் என்ன கேக்க முடியாது, நானே என்ன கேக்க முடியாது. நான் வழி கேட்டுட்டு இருந்ததா நெனச்சேன், கேட்டது கேரண்டி கார்டு. “உன் சுயபுத்தியின்மேல் சாயாமல்”னு நீதிமொழிகள் சொல்லுது, சாயாதேன்னா அத கழட்டி வச்சிடுன்னு அர்த்தமில்லன்னு எனக்கு அந்த வாரம்தான் ஒறச்சது. சாஞ்சுக்கிற சுவரு அவரு, நடக்கிற காலு என்னுது.

வெள்ளிக்கிழமை சரின்னு மெயில் அனுப்பிட்டேன். அன்னிக்கு ஜெபம் ரொம்பச் சின்னது. ஆண்டவரே நாங்க யோசிச்சிட்டோம், போறோம், கூட வாங்க, தப்பா இருந்தா அங்க வந்தும் எங்களப் பாத்துக்கோங்க. அவ்வளவுதான்.

இங்க “அப்புறம் எல்லாம் அற்புதமா நடந்துச்சு”ன்னு எழுதினா நல்ல சாட்சியா இருக்கும். நடக்கல. 8 மாசத்துல நான் சேந்த டிபார்ட்மென்டயே மூடிட்டாங்க. ஒரு மீட்டிங், 12 நிமிஷம், லேப்டாப்ப குடுத்துட்டு வந்துட்டேன். அன்னிக்கு ராத்திரி நான் அழுத அழுகை, “அவரு சொல்லித்தானே வந்தோம், ஏன் இப்படி”ன்னு கத்தினேன். இவரு மெதுவா, “அவரு எங்க சொன்னாரு? நாமதானே முடிவு பண்ணோம். அவர கூடத்தானே வரச் சொன்னோம்”ன்னாரு. அந்த நிமிஷம் எனக்கு வந்த கோவத்துக்கு டம்ளர் கைல இருந்திருந்தா எறிஞ்சிருப்பேன். ஆனா காலைல எழுந்தப்போ அந்த வார்த்தைதான் பெரிய ஆறுதலா இருந்துச்சு. கடவுள் என்ன ஏமாத்தல. நான் அவரு குரல தப்பா கேக்கவும் இல்ல. அன்னிக்கு கைல இருந்த விவரத்த வச்சு யோக்கியமா எடுத்த முடிவு, அது இப்படி ஆச்சு. யார் மேலயும் கேஸ் போட வேண்டாம்.

வேலை இல்லாத 5 மாசம் எரேமியா 29ஐ முதல் தடவையா முழுசா படிச்சேன். 11வது வசனம், “சமாதானத்துக்கேதுவான நினைவுகளே”, கல்யாணப் பத்திரிகைலேர்ந்து காபி கப்பு வரைக்கும் எல்லாத்துலயும் போடுவோமே. அது பாபிலோனுக்கு கைதியா போனவங்களுக்கு எழுதின லெட்டர். 10வது வசனத்துல 70 வருஷம் ஆகும்னு இருக்கு. அதாவது படிக்கிறவங்கள்ல பாதிப் பேரு திரும்பப் போய்ப் பாக்கப் போறதில்ல. அதுவரைக்கும் என்ன பண்ணணும்? வீடு கட்டுங்க, தோட்டம் போடுங்க, பிள்ளைங்களுக்கு கல்யாணம் பண்ணி வைங்க, நீங்க இருக்கிற அந்தப் பட்டணத்துக்காக வேண்டிக்கோங்க. அடுத்து எங்கன்னு ஒண்ணும் சொல்லல. இருக்கிற எடத்துல வாழச் சொல்லுது. நானும் பொண்ண ஸ்கூலுக்கு கூட்டிட்டுப் போனேன், மாடில நாலு தொட்டி வச்சேன், அப்ளிகேஷன் அனுப்பினேன். ஆறாவது மாசம் ஒரு சின்ன எடத்துல வேலை கெடச்சது, சம்பளம் கம்மி, இன்னும் அங்கதான் இருக்கேன். எரிஞ்சு விழுறது குறைஞ்சிருக்கு, பொண்ணு சொன்னது.

இப்ப அடுத்தது வந்து நிக்குது. அம்மாவால தனியா இருக்க முடியல, போன மாசம் ராத்திரி பாத்ரூம்ல விழுந்துட்டாங்க. இங்க கூட்டிட்டு வர்றதா, நாங்க திரும்பப் போறதா. அம்மா வர மாட்டேங்கிறாங்க, இவரு எதுவா இருந்தாலும் சரிங்கிறாரு, இங்க வீட்டு அக்ரிமென்ட் புதுப்பிக்கணும், திங்கக்கிழமை கையெழுத்து கேட்டிருக்காங்க. மூணு நாளா நோட்டுல கோடு போட்டு எழுதிட்டு இருக்கேன். இன்னும் முடியல. நடுவுல நடுவுல கண்ண மூடுறேன், ஒண்ணும் கேக்கல, ஆனா தனியா உக்காந்திருக்கிற மாதிரியும் இல்ல.

நோட்டுக்குப் பக்கத்துல அதே டம்ளர் இருக்கு. தண்ணி ஊத்தி வச்சிருக்கேன்.